கேள்வி – பதில்: ‘போர்க் சாப்’ என்றொரு பையன்

சென்ற இதழில் ஒரு கனடா நாட்டுக் குறும்படத்தைப் பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் சக பிள்ளைகளின் கேலிக்கும் சீண்டலுக்கும் ஆளாகி அவதிப்படும் குழந்தைகளைப் பற்றிய படம். வழக்கம்போல அரசியலும் சினிமாவும்தான் கேட்பார்கள் என்று பார்த்தால் இந்த முறை தபால், மின்னஞ்சல் எல்லாவற்றிலும் இதே பேச்சு. சரி, மற்ற கேள்விகளுக்கெல்லாம் இந்த இதழில் விடுமுறை. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் எல்லோருக்குமே ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

ஐயா, நீங்கள் சொன்ன படத்தை என் பேரன் போனில் போட்டுக் காட்டினான். இங்கிலீஷ் ரொம்ப வேகமாகப் போகிறது, பாதிக்கு மேல் பிடிபடவில்லை. கதையைக் கொஞ்சம் சொல்லுங்களேன். – கோவில்பட்டி வாசகர்

கதை என்று தனியாக ஒன்றும் கிடையாது ஐயா, அது ஒரு கவிதை. தலைப்பு ‘டு திஸ் டே’, இன்றுவரை என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதியவரும் வாசிப்பவரும் ஷேன் கோய்சன். கனடாவின் வடக்கே யெல்லோநைஃப் என்ற ஊரில் பிறந்து, பென்டிக்டன் என்ற சின்ன ஊரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். மேடையில் நின்று கவிதை சொல்வதுதான் அவர் தொழில். 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் கவிதை சொன்னாரே, தாடி வைத்த கனத்த ஆள், அவரேதான். 2013 பிப்ரவரியில் இந்தக் கவிதையை அவர் குரலிலேயே பதிவு செய்து, அதற்கு அசைபடம் வரைந்து இணையத்தில் விட்டார்கள். கோடிக்கணக்கான பேர் பார்த்துவிட்டார்கள்.

தொடக்கத்தில் ஒரு சிரிப்புக் கதை வரும். குண்டான ஒரு சின்னப் பையன். ‘போர்க் சாப்’ என்பது பன்றிக்கறித் துண்டு, அவனுக்கு ரொம்பப் பிடித்த சாப்பாடு. ‘கராத்தே சாப்’ என்பது கையைக் கத்தி மாதிரி வைத்து வெட்டுகிற அடி. பையனுக்கு இரண்டும் ஒன்று என்று நினைப்பு. பாட்டியும் குழந்தை ஏதோ அழகாக உளறுகிறது என்று திருத்தாமல் விட்டுவிடுகிறாள். ஒருநாள் மரத்தில் ஏறி விழுந்து உடம்பின் ஒரு பக்கம் கன்றிப் போகிறது. ஏறக்கூடாத இடத்தில் ஏறியதற்குத் திட்டு விழும் என்று பயந்து வீட்டில் வாயே திறக்கவில்லை. சில நாள் கழித்து விளையாட்டு ஆசிரியர் காயத்தைப் பார்த்துவிட்டுத் தலைமை ஆசிரியரிடம் அனுப்ப, அவர் இன்னொரு சின்ன அறைக்கு அனுப்ப, அங்கே ஓர் அன்பான அம்மா வீட்டு நிலவரமெல்லாம் விசாரிக்கிறார். பையனுக்கு மறைக்க என்ன இருக்கிறது? ‘எனக்கு மனசு கஷ்டமா இருந்தா பாட்டி கராத்தே சாப் குடுப்பாங்க’ என்று சொல்லிவிடுகிறான்.

அவ்வளவுதான். பெரிய விசாரணை, பையனை வீட்டிலிருந்து பிரித்து மூன்று நாள் வேறிடத்தில் வைக்கிறார்கள். அப்புறம்தான் யாருக்கோ அந்தக் காயம் எப்படி வந்தது என்று அவனையே கேட்கத் தோன்றுகிறது!

இந்தக் கதை பள்ளிக்கூடம் முழுக்கப் பரவி, பையனுக்கு முதல் பட்டப்பெயர் விழுகிறது: போர்க் சாப். இன்றுவரை எனக்கு அந்தக் கறி பிடிக்காது என்று சொல்லிவிட்டுக் கவிஞர் அடுத்ததுக்குப் போய்விடுகிறார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நமக்கு அங்கே சட்டென்று சிரிப்பு நின்றுவிடுகிறது.

அதற்கப்புறம் இரண்டு பேர் வருகிறார்கள். முகத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் பரவிய பிறவி மச்சத்தோடு ஒரு சிறுமி. எட்டு வயதில், மூன்றாம் வகுப்பு முதல் நாளிலேயே அவளை அசிங்கம் என்று கூப்பிட்டாயிற்று. இரண்டாவது, தத்துப்பிள்ளையாக வளர்ந்த ஒரு பையன், பத்தாம் வகுப்பில் உயிரை விடப் பார்த்தவன். அந்தப் பெண் வளர்ந்து, கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. அழகு என்றால் அந்தப் பிள்ளைகளுக்கு முதலில் அம்மாதான். ஆனால் அவள் மட்டும் தன்னை அழகு என்று இன்றுவரை நம்பவில்லை. ஏழு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடுகிற படம், சாராம்சம் இதுதான்.

இருபது வினாடிக்கு ஒரு தடவை படத்தின் ஸ்டைலே மாறுகிறது. ஒரு நிமிடம் பென்சில் கோடு, அடுத்து பொம்மை, அடுத்து வேறென்னவோ. கண்ணுக்கு ஒட்டவே இல்லையே? – சென்னை-24 வாசகர்

அப்படித்தான் செய்தார்கள். எண்பதுக்கும் மேற்பட்ட ஓவியர்கள், அசைபடக் கலைஞர்கள் ஆளுக்கு இருபது வினாடி என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். வான்கூவரில் இருக்கும் ஜயன்ட் ஆன்ட் என்ற ஸ்டூடியோ எல்லாவற்றையும் சேர்த்துக் கோத்தது. சில துண்டுகள் அபாரம், சில துண்டுகள் சுமார்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. எனக்கு அந்த ஒட்டாமை பிடித்திருந்தது. ஒரே கை வரைந்திருந்தால் இது ஷேன் கோய்சன் என்ற ஒரு ஆளின் சோகக் கதையாகப் போயிருக்கும். இத்தனை கை வரைந்ததால், இவர்கள் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு வகுப்பறை இருந்திருக்குமோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

எங்கள் ஊரில் பட்டப்பெயர் இல்லாத ஆளே கிடையாது. குட்டையன், ஓமக்குச்சி, கருவாயன் என்றுதான் கூப்பிட்டு வளர்ந்தோம். யாரும் செத்துவிடவில்லை. வெள்ளைக்காரன் படம் எடுத்தான் என்பதற்காக இதையெல்லாம் ஒரு கொடுமை என்று சொல்ல வேண்டுமா? – மணப்பாறை வாசகர்

உங்கள் கேள்வியில் ‘கூப்பிட்டு வளர்ந்தோம்’ என்று இருக்கிறது. கூப்பிடப்பட்டு வளர்ந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

எல்லாப் பட்டப்பெயரும் கொடுமை என்று நான் சொல்ல வரவில்லை. டீக்கடையில் குட்டையன் நெட்டையனைப் பார்த்து ‘என்னடா ஓமக்குச்சி’ என்று கேட்க, அவன் பதிலுக்கு இவனை வாரினால் அது நட்பு, அதில் தலையிட எனக்கு என்ன இருக்கிறது. நார்வேயில் டான் ஓல்வேயஸ் என்று ஓர் உளவியலாளர் இருந்தார், 1970-களிலேயே பள்ளிக்கூடச் சீண்டலை ஆராய்ச்சியாக எடுத்துச் செய்தவர். அவர் மூன்று விஷயம் பார்க்கச் சொன்னார். வேண்டுமென்றே செய்கிறார்களா, திரும்பத் திரும்பச் செய்கிறார்களா, மாட்டிக்கொண்டவனால் எதிர்த்து நிற்க முடியாத அளவுக்கு இரண்டு பக்கத்துக்கும் பலத்தில் வித்தியாசம் இருக்கிறதா. நான் இதை இன்னும் கொச்சையாக்கிப் பார்ப்பேன்: ‘டேய், இனிமே அப்படிக் கூப்பிடாதே’ என்று அவன் சொன்னால் நிறுத்துவீர்களா, இல்லை அன்றைக்குத்தான் இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கூப்பிடுவீர்களா?

என் வகுப்பில் ஒருவன் இருந்தான், திக்குவாய். அப்போதெல்லாம் வருகைப்பதிவுக்கு ‘உள்ளேன் ஐயா’ சொல்ல வேண்டும். அந்த ‘உ’ அவனுக்கு லேசில் வராது. இவன் முறை நெருங்கும்போதே, அதாவது இவனுக்கு முன்னால் ரெண்டு பேர் இருக்கும்போதே, பின் பெஞ்சில் ஒருத்தன் மேசையில் விரலால் டக்கு டக்கு டக்கு என்று தட்ட ஆரம்பிப்பான். தந்தி ஆபீஸ் சத்தமாம். இவன் எழுந்து ‘உ... உ...’ என்று நிற்பான், கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கும், மொத்த வகுப்பும் தட்டும். ஆசிரியர் வருகைப்பதிவேட்டை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். சிரிப்பதை மறைக்கத்தான், ஆனால் தோள் குலுங்குவது எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். ‘தந்தி’ என்பது அவன் பெயராகிவிட்டது. ஆபீஸ் கிளார்க் கூட ‘ஏ தந்தி, ஃபீஸ் கட்டிட்டியா’ என்றுதான் கேட்பார்.

சில வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பந்தியில் அவனைப் பார்த்தேன். பக்கத்தில் காலேஜ் படிக்கிற மகள். திக்கு ஏறக்குறைய போய்விட்டது. எங்கள் செட்டில் ஒருத்தன் பந்தி முனையிலிருந்து ‘டேய் தந்தி!’ என்று கத்த, அந்தப் பெண் இலையிலிருந்து நிமிர்ந்து ‘ஏம்ப்பா உங்களை அப்படிக் கூப்பிடுறாங்க’ என்று கேட்டாள். இவன் சாம்பாரைச் சோற்றில் பிசைந்தபடி, ‘ஸ்கூல்ல நான் ரொம்ப வேகமாப் பேசுவேன்ல, அதான்’ என்றான். ஐம்பதைத் தாண்டிய மனுஷன். கத்தியவனுக்கு ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது, கட்டிப்பிடித்துப் பேசிவிட்டுத்தான் போனான்.

யாரும் சாகவில்லை என்கிறீர்கள், சரிதான். பிரிட்டனில் 1958-ல் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்து வருகிறார்கள். உங்கள் பிள்ளையை மற்ற பிள்ளைகள் சீண்டுகிறார்களா என்று ஏழு வயதிலும் பதினொரு வயதிலும் பெற்றோரைக் கேட்டுக் குறித்து வைத்திருந்தார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் அந்தக் குறிப்பை எடுத்து அதே ஆட்களின் ஐம்பது வயது நிலவரத்தோடு ஒப்பிட்டு 2014-ல் வெளியிட்டார்கள். அடிக்கடி சீண்டப்பட்ட பிள்ளைகளுக்கு ஐம்பது வயதிலும் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம், கையில் காசு குறைவு, துணை இல்லாமல் இருப்பவர்களும் அதிகம். எத்தனை பேர் அப்படி அடிக்கடி மாட்டினார்கள் தெரியுமா, நூற்றுக்குப் பதினைந்து. அறுபது பேர் இருந்த உங்கள் வகுப்புக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒன்பது பேர் வருகிறார்கள்.

‘அடிச்சா திருப்பி அடிச்சிட்டு வா, அழுதுட்டு வராதே’ என்று சொல்லித்தான் என் மகனை வளர்க்கிறேன். இது தப்பா? – சேலம் வாசகர்

திருப்பி அடிக்கக்கூடிய பிள்ளையாக இருந்தால் அவன் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். ஆள் பார்த்துத்தான் வருகிறார்கள். அடிக்க முடியாத பிள்ளையிடம் அடித்துவிட்டு வா என்று சொன்னால், அடுத்த தடவை அடி வாங்கியதை அவன் உங்களிடமும் சொல்ல மாட்டான். பள்ளிக்கூடத்தில் தோற்றது போதாது என்று வீட்டிலும் ஏன் தோற்க வேண்டும்?

நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. வகுப்பில் 58 பிள்ளைகள். பாடம் நடத்த, பதிவேடு எழுத, செயலியில் ஏற்றவே நேரம் சரியாக இருக்கிறது. எவன் எவனைக் கிண்டல் செய்கிறான் என்று நான் எப்படிப் பிடிப்பது? – நாமக்கல் வாசகி

உங்கள் வேலைப்பளுவை நான் குறைத்துப் பேச மாட்டேன் டீச்சர். செய்தவனைப் பிடிப்பதில்தான் முழு மூச்சும் போகிறது என்பதால் ஒன்று சொல்கிறேன்.

கனடாவில் டெப்ரா பெப்லர், வெண்டி கிரெய்க் என்ற இருவர் பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் நடந்துகொள்வதைக் கேமராவில் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். பத்துக்கு எட்டு ஒன்பது தடவை, சீண்டல் நடக்கும் இடத்தில் வேறு பிள்ளைகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யாராவது குறுக்கே போனது ஐந்தில் ஒரு தடவைகூட இல்லை. ஆனால் போனபோது பாதிக்கும் மேல், பத்தே வினாடியில் விவகாரம் நின்றுவிட்டது. பத்து வினாடி! நீங்கள் ஸ்டாஃப் ரூமிலிருந்து எழுந்து வருவதற்குள் முடிந்துவிடுகிற காரியம்.

ஃபின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகத்தில் ‘கிவா’ என்று ஒரு திட்டம் உருவாக்கி, 2009 முதல் நாடெங்கும் பள்ளிகளில் கொண்டுபோனார்கள். செய்கிறவனைவிட, சுற்றி நின்று சிரிக்கிறார்களே அந்தக் கூட்டத்திடம்தான் அவர்கள் அதிகம் வேலை செய்தார்கள். ஆள் பார்க்கத்தானே ஆட்டம், பார்வையாளர் எழுந்து போய்விட்டால் ஆடுகிறவன் எத்தனை நேரம் ஆடுவான். எங்கள் வகுப்பில் மேசை தட்டியது முதலில் ஒருத்தன்தான். மற்ற விரல்களெல்லாம் சேர்ந்த பிறகுதான் ‘தந்தி’ என்பது பெயராக ஒட்டிக்கொண்டது, ஆசிரியரின் தோள் குலுங்கியதும் அது உறுதியாகிவிட்டது.

2007-ல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பையன் முதல் நாள் இளஞ்சிவப்புச் சட்டை போட்டு வந்துவிட்டான், பெண்பிள்ளைக் கலர் என்று ஓட்டித் தள்ளிவிட்டார்கள், அடிப்போம் என்று மிரட்டலும் கூட. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் இரண்டு பேருக்கு இது பொறுக்கவில்லை. மிரட்டியவர்களிடம் சண்டைக்குப் போகவில்லை, மலிவுக் கடைக்குப் போய் இளஞ்சிவப்பில் ஐம்பது பனியன் வாங்கி வந்து மறுநாள் பள்ளி வாசலில் விநியோகம் செய்தார்கள். அன்றைக்குப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் அதே கலரில் திரிகிறார்கள். இப்போது கனடா முழுக்க அதை ஒரு நாளாகவே கொண்டாடுகிறார்கள். நாம் பேசுகிற இந்தப் படம்கூட அந்த நாளை ஒட்டித்தான் வெளியானது.

உங்களுக்கு என்று கேட்டால், மூன்றே காரியம் போதும் என்பேன். நீங்கள் சிரிக்காதீர்கள், அந்தப் பெயரை உங்கள் வாயால் சொல்லாதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு குழந்தையை அடிப்பதோடு மனரீதியாகத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடை செய்கிறது, ‘ஏய் மக்கு’, ‘ஏய் குண்டு’ எல்லாம் அதில் அடங்கும். அப்புறம், அடி வாங்குகிற பிள்ளையை இடம் மாற்றாதீர்கள். படத்தில் காகிதத்தை மென்று எச்சில் உருண்டையாக்கி எறிகிறார்கள் என்று அந்த மச்சச் சிறுமியையும் போர்க் சாப் பையனையும் கடைசி வரிசைக்கு மாற்றிவிடுகிறார்கள். எறிந்தவர்கள் இடம் அப்படியே இருக்கிறது பாருங்கள். கடைசியாக, வகுப்பில் எல்லோரும் மதிக்கிற ரெண்டு பிள்ளைகள் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களைத் தனியாகக் கூப்பிட்டு, ‘மத்தியானம் அவனையும் சேர்த்து உட்கார வச்சுச் சாப்பிடுங்க’ என்று சொல்லிப் பாருங்கள். அதற்குப் பதிவேடு வேண்டாம், செயலியும் வேண்டாம்.

அங்கே எச்சில் உருண்டை, பட்டப்பெயர். எங்கள் பக்கம் கையில் கட்டுகிற கயிற்றின் நிறத்தில் ஆரம்பித்து அரிவாளில் முடிகிறது. இந்தப் படமெல்லாம் வசதியானவர்களின் வருத்தம் இல்லையா? – திருநெல்வேலி வாசகர்

கோபம் நியாயமானது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நீங்கள் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பட்டியலின மாணவன், சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியவன். பள்ளியில் புகார் சொன்னதும் இரவில் வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. அந்தப் பையன் அடுத்த ஆண்டு பொதுத்தேர்வில் 600-க்கு 469 வாங்கியதை எல்லாப் பத்திரிகையும் கொண்டாடின, நாங்களும்தான். நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையில் வண்ணக் கயிறுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயரை நீக்குவது என்று பல பரிந்துரைகள் உண்டு.

சாதி இதில் சேரும்போது அது வேறு விஷயமாகிவிடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். கேலி செய்கிறவனுக்குப் பின்னால் அவன் வகுப்பு மட்டும் நிற்பதில்லை, அவன் தெருவே நிற்கிறது, சில சமயம் ஆசிரியரும் நிற்கிறார். பனியன் விநியோகம் செய்து தீர்க்கிற காரியம் இல்லை அது, காவல்துறையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வர வேண்டிய இடம். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த வழக்கிலும் எடுத்தவுடன் அரிவாள் வந்துவிடவில்லையே. கடைக்குப் போய் வா, அதை வாங்கி வா என்று ஏவியதில்தான் தொடங்கியது. அப்போது அந்த வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், வராந்தாவில் எத்தனை பெரியவர்கள் நடந்து போனார்கள்? சீண்டல் சின்னதாக இருக்கும்போதே நிறுத்துவதைப் பற்றிப் பேசுகிற படத்தை அதனால்தான் வசதியானவர்களின் வருத்தம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஏழாம் வகுப்புப் படிக்கிற என் பையனுக்குத் திங்கட்கிழமை ஆனால் வயிற்று வலி. டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். பென்சில் பாக்ஸ் ரெண்டு தடவை காணாமல் போய்விட்டது. கேட்டால் ‘ஒண்ணுமில்லம்மா’ என்கிறான். பயமாக இருக்கிறது. – கும்பகோணம் வாசகி

நீங்கள் பயப்படுவது சரிதான் அம்மா, ஆனால் அந்தப் பயத்தை அவனிடம் காட்டிக்கொள்ளாதீர்கள். அம்மா அழுவாள் என்று தெரிந்தால் பிள்ளை வாயை இன்னும் இறுக்கிக்கொள்வான்.

நேருக்கு நேர் உட்கார வைத்து ‘யாரு? சொல்லு! யாரு?’ என்று கேட்டால் வராது. வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போகும்போது, பூண்டு உரிக்கும்போது, முகம் பார்க்காத நேரத்தில் கேளுங்கள். முதல் கேள்வி யார் என்பதாக இருக்கவே வேண்டாம். ‘இன்னைக்கு யார் பக்கத்தில உட்கார்ந்து சாப்பிட்டே?’, ‘பி.டி. பீரியட்ல என்ன விளையாடினீங்க?’ இவ்வளவு போதும். ‘யாரோடயும் இல்ல’ என்று பதில் வந்தால் நூல் கிடைத்துவிட்டது. அப்புறம் அவன் சொல்லும்போது நடுவில் ‘நீ என்ன பண்ணினே?’ என்று மட்டும் கேட்காதீர்கள், அவன் காதில் அது குற்றச்சாட்டாகத்தான் விழும்.

சொல்லத் தொடங்கினால் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எதிர்ப்பையன் வீட்டு வாசலுக்குப் போய்ச் சண்டை போடாதீர்கள். வகுப்பாசிரியர், அப்புறம் தலைமை ஆசிரியர், வாயால் சொன்னதோடு விடாமல் எழுதியும் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து நீங்களே போய் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். பள்ளி கண்டுகொள்ளாவிட்டால் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகளுக்கான 1098, இரண்டுக்கும் பேசலாம். பையன் சாவைப் பற்றி விளையாட்டாகப் பேசினால்கூட அதை விளையாட்டாக விட்டுவிடாதீர்கள். 14416-க்கு எந்த நேரமும் அடிக்கலாம், மனநல ஆலோசனை தமிழிலேயே கிடைக்கும்.

இந்தப் படத்தில் என்னைப் பிடித்து உலுக்கிய இடம், பையனை வீட்டிலிருந்து பிரித்து வைத்த அந்த மூன்று நாள்தான். கெட்டவர்கள் யாருமே இல்லை, எல்லோரும் பிள்ளைக்கு நல்லது செய்யத்தான் ஓடுகிறார்கள், கோப்பு நகர்கிறது. அவனிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்க ஆரம்பித்துவிட்டீர்கள், விட்டுவிடாதீர்கள்.

படம் பார்த்து மூன்று நாள் தூக்கம் வரவில்லை. காரணம், கேலி செய்த ஆட்களில் நான் ஒருவன். எங்கள் பள்ளியில் ஒரு பெண்ணை ஐந்து வருடம் ஓட்டினோம். ஃபேஸ்புக்கில் அவரைக் கண்டுபிடித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டு எழுதட்டுமா? – துபாயிலிருந்து ஒரு வாசகர்

யாருக்காக எழுதப் போகிறீர்கள்? உங்களுக்குத் தூக்கம் வர வேண்டும் என்பதற்காக என்றால், அவர் நிம்மதியாகச் சமைத்துக்கொண்டிருக்கிற ஒரு சாயங்காலத்தில் போய் அந்தப் பழைய வகுப்பறையைக் கொட்டப் போகிறீர்கள். அதற்கு உங்களுக்கு உரிமை இல்லை.

அப்படியும் எழுதத்தான் வேண்டும் என்றால் சின்னதாக எழுதுங்கள். என்ன செய்தீர்கள் என்று பூசி மெழுகாமல் ஒரு வரி, அது தப்பு என்று ஒரு வரி, பதில் எழுத வேண்டியதில்லை என்று ஒரு வரி. ‘சின்ன வயசு, தெரியாம பண்ணிட்டோம்’ என்பது வேண்டாம். ‘நீங்க எப்படி இருக்கீங்க, குழந்தைகள் எத்தனை’ என்பதும் வேண்டாம். நட்பு அழைப்பு அனுப்பவே கூடாது. பதில் வராவிட்டால் அதுதான் பதில். திட்டி வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு காரியமும் இருக்கிறது. உங்கள் பழைய பள்ளி வாட்ஸ்அப் குழு ஒன்று நிச்சயம் இருக்கும், அதில் யாராவது ஒருத்தர் இன்னும் அந்தப் பழைய பெயரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார். அவருக்கு அங்கேயே, எல்லோர் முன்னாலும், நிறுத்தச் சொல்லி எழுதுங்கள். இதற்கு அந்தப் பெண்ணின் அனுமதி தேவையில்லை.

கடைசியில் ‘உன்னிடம் அழகாக எதுவும் தெரியவில்லை என்றால் நல்ல கண்ணாடியாகப் பார்’ என்கிற மாதிரி வருகிறதே, எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்களுக்கு? – காரைக்குடி வாசகி

எனக்கு அங்கேதான் கொஞ்சம் இடித்தது. கேட்க நன்றாக இருக்கிறது, அந்தக் குரலில் கேட்கும்போது சிலிர்க்கவும் செய்கிறது. ஆனால் எட்டு வயதுப் பிள்ளையிடம் போய் உன் கண்ணாடியை நீ மாற்றிக்கொள் என்று சொன்னால், வகுப்பே சேர்ந்து செய்த காரியத்தைச் சரிசெய்யும் வேலையும் அந்தப் பிள்ளை தலையில்தானே விழுகிறது? வளர்ந்து, தப்பித்து வந்த ஒருவர் தன்னைப் போன்றவர்களுக்குச் சொல்கிற ஆறுதலாக எடுத்துக்கொண்டால் சரி. அப்படி எடுத்துக்கொண்டுதான் நானும் மறுபடி பார்த்தேன்.

தமிழ் சினிமா காமெடியில் குண்டு, கறுப்பு, சொட்டை, திக்குவாய் என்று வைத்து ஓட்டுவது எப்போது நிற்கும்? – மதுரை வாசகர்

தியேட்டரில் அந்த இடத்தில் சிரிப்பு நிற்கும்போது. தயாரிப்பாளர்கள் அந்தச் சத்தத்தைத்தான் எண்ணுகிறார்கள்.

எங்கள் தெரு நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைப் போடலாம் என்று இருக்கிறோம். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை வருவார்கள். போடலாமா? – பட்டுக்கோட்டை வாசகர்

ஆறாம் வகுப்புக்கு வேண்டாம். மாத்திரை, தற்கொலை முயற்சி எல்லாம் வருகிறது, சின்னப் பிள்ளைகளுக்கு அது கனம். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்குப் போடுங்கள், அதற்கு முன் நீங்கள் இரண்டு முறை பார்த்துவிடுங்கள். இங்கிலீஷ் வேகமாகப் போவதால் கவிதையின் சாரத்தைத் தமிழில் முதலில் சொல்லிவிட்டுப் போட்டால் நல்லது. போர்க் சாப் கதைக்கு எல்லோரும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், தடுக்காதீர்கள்.

விளக்கைப் போட்டதும் ‘உங்கள்ல யாருக்கெல்லாம் இப்படி நடந்திருக்கு, கை தூக்குங்க’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கை தூக்குகிற பிள்ளைக்குத் திங்கட்கிழமை புதுப் பெயர் ரெடியாகிவிடும். ஆளுக்கொரு தாள் கொடுங்கள், பெயர் போடாமல் என்ன தோன்றுகிறதோ எழுதட்டும், எழுத ஒன்றுமில்லை என்றால் படம் வரையட்டும். எல்லோரும் ஏதாவது செய்துகொண்டிருந்தால்தான் எழுதுகிற பிள்ளை தனியாகத் தெரிய மாட்டான். தாள்களை அங்கேயே பிரித்துப் படிக்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் படியுங்கள். பக்கத்துப் பள்ளி டீச்சர் யாராவது நம்பிக்கையானவர் இருந்தால் அவரையும் அன்றைக்கு வரச் சொல்லுங்கள். கூடவே டீ, பிஸ்கட் ஏற்பாடு செய்துவிடுங்கள், படம் முடிந்ததும் பிள்ளைகளுக்கு உடனே வீட்டுக்குப் போகத் தோன்றாது.